அவசரக்காரரின் டிரம்ஸ்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகும் அந்த மூன்று பேர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாடகர், கிதார்காரர், பேஸ்காரர். மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. நாற்காலியில் ஒழுங்காக உட்காரும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

இறந்தவரின் மனைவி அவர்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கணவர்தான் இவர்களுடைய ராக் குழுவின் முதல் டிரம்மர். குழு பேர் வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் விலகியவர். அப்போது அவள் வயிற்றில் மகள். "உனக்காகத்தான் விட்டேன்" என்பார். பிறகு காலம் முழுக்க வாஷிங் மெஷின் ரிப்பேர். சாப்பாட்டு மேசை, மெஷின் மூடி, மகளின் முதுகு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் தாளம் போடுவார். சந்தோஷமான மனிதர். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை; சாவுகூட அவரை அதிகம் சிரமப்படுத்தவில்லை.

ஆனாலும் அந்தக் குழுவின் பாட்டு எங்காவது ஒலித்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்ற உறுத்தல். அந்த உறுத்தலிலேயே ஃபேனுக்கு நேரான இடம், நல்ல தலையணை, டிவி ரிமோட் எல்லாவற்றையும் அவருக்கே விட்டுக்கொடுத்து வாழ்ந்தாள்.

இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி யாரிடம் கேட்பது?

"அண்ணே, மனசுல வெச்சுக்கிட்டு இருக்க முடியல. என்னாலதானே அவரு குரூப்ப விட்டாரு?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விட்டானா? யாரு சொன்னது?" என்றார் பாடகர். "நாங்கதான் தங்கச்சி அவன வெளிய அனுப்புனோம்."

டிரம்மருக்குக் குழுவில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். மனதில் சந்தோஷம் வந்துவிட்டால் கை நிற்காது. பாட்டு தலைதெறிக்க ஓடும். மேடையில் எப்படியோ சமாளித்தார்கள். முதல் ஒலிப்பதிவு அன்று ஆள் ஸ்டுடியோவுக்குள் வரும்போதே கால் தரையில் பாவவில்லையாம். பதிவு செய்ய வேண்டியதோ பிரிவைப் பற்றிய ஒரு மெதுவான பாட்டு. அதை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி வாசித்தார். திரும்பத் திரும்ப எடுத்தும் அதே கதை. சாயங்காலம் மூவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"சண்டைக்கு வருவான்னு பாத்தோம்" என்றார் பேஸ்காரர். "ஈன்னு இளிச்சுக்கிட்டு, 'நான் அப்பா ஆகப்போறேன்டா'ங்கறான். அன்னிக்குக் காலைலதான் நீ சொன்னியாம்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தன வருஷம் என்னை ஏமாத்தி ரிமோட்ட வாங்கி வெச்சிருந்தாரா இந்த மனுஷன்!"

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கிதார்காரர் தயங்கித் தயங்கி ஃபோனை எடுத்தார். "அன்னிக்கு எடுத்தது ஒண்ணு எங்கிட்ட இருக்கு. வெளியவே விடல. கேக்குறியாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

பாடகரின் இளவயதுக் குரல் சோகமாக ஆரம்பித்தது. டிரம்ஸ் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியது. "டேய், மெதுவாடா!" என்று யாரோ கத்தினார்கள். வேகம் இன்னும் கூடியது. பாட்டில் ஒரு வரி பாக்கி இருக்கும்போதே டிரம்ஸ் முடிந்துவிட்டது. பாடகர் அந்த வரியைத் தனியாகப் பாடி முடிக்கும்வரை, பின்னால் அவள் கணவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.