முதல் சிலிண்டர் எந்தப் பக்கம்

அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு லாரி. அதை ஓட்டுகிறவன் மகன். இன்ஜினைப் பிரித்துக் கோக்கிறவள் மருமகள். இரண்டு பேரையும் குறை சொல்கிறவர் பெரியவர். நாற்பது வருஷம் அவரே ஸ்டியரிங் பிடித்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகுதான் மகனிடம் சாவியைக் கொடுத்தார். சாவியைக் கொடுத்தாரே தவிர, அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

மலைமேல் இருந்த மின் நிலையத்துக்குக் கனமான இயந்திரங்களை ஏற்றிப் போவதுதான் அந்த லாரியின் பிழைப்பு. ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றமா? அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதற்காகவே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பெரிய டர்போ போட்டு அதன் பலத்தைக் கூட்டியிருந்தார்கள். பலம் கூடினால் சூடும் கூடும். லாரிக் கம்பெனியின் சொந்தப் பிஸ்டன் அந்தச் சூடு தாங்காமல் இரண்டு முறை விரிசல் விட்டது. இரண்டு முறையும் மூன்றாவது சிலிண்டரில்.

மூன்றாம் முறை மருமகள் ஒற்றைக் காலில் நின்றாள். வெளிக் கம்பெனிக்காரன் ஒருவன், வார்ப்பு இல்லாமல் அடித்து இறுக்கிய பிஸ்டன் செய்கிறான், அதையும் அதற்கான ரிங்குகளையும்தான் போட வேண்டும் என்றாள். பெரியவர் ஏகத்துக்கும் குதித்தார். லாரியைச் செய்தவனுக்குத் தெரியாதது ஊரில் எவனுக்கோ தெரியுமாம் என்று நாலு நாள் சுவரைப் பார்த்துப் பேசினார். ஐந்தாம் நாள் அவளைப் பார்த்தே பேசினார்.

“போட்டுக்கோம்மா. ஆனா இந்த இன்ஜின் போச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டு வண்டியில நீ ஸ்பேனர் வைக்கக் கூடாது.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. சமையல் செய்யாதே என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கும்பிட்டிருப்பாள். ஸ்பேனரைத் தொடாதே என்றால் அவளுக்கு வேறு என்னதான் இருக்கிறது?

இன்ஜின் பிளாக்கைத் தன் தம்பியின் லேத் பட்டறைக்கு அனுப்பினாள். தம்பி துறைமுகத்தில் கப்பல் இன்ஜின்களோடு பத்து வருஷம் புழங்கியவன். அளவு விஷயத்தில் அவன் கை தங்கம். ஆறு பிஸ்டனையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு சிலிண்டரைத் தேய்த்தான். ரிங்குகளையும் அவனே அராவினான். ரிங் என்பது முழு வளையம் இல்லை. ஓர் இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளிதான் அதற்குப் போக்கிடம். அது போதாவிட்டால் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், சிலிண்டர் கீறிப்போகும், பிஸ்டனும் உடையும். முடித்ததும் எல்லாவற்றையும் ஆறு பைகளில் போட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதி அனுப்பினான்.

மருமகள் அந்த எண்படியே கோத்தாள். சந்தேகப் பிராணியாகையால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ரிங்கை வைத்து இடைவெளியை மறுபடி அளந்தாள். தொல்லை கொடுத்த சிலிண்டர் அதுதானே. அளவு கச்சிதமாக இருந்தது. மற்ற ஐந்தையும் அளக்கவில்லை. கூடப் பிறந்தவன் செய்ததை எத்தனை தடவை அளப்பது?

வெறும் வண்டியாகப் பத்து நாள் சமவெளியில் ஓட்டிப் பழக்கினார்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு வந்து விசாரித்தார். அடித்த பிஸ்டன் குளிரில் கொஞ்சம் ஆடும், சூடானால் சரியாகிவிடும் என்று அவள் அலட்சியமாகச் சொன்னாள். அது உண்மையும்கூட. அதனால்தான் அவளே ஏமாந்தாள்.

பதினோராம் நாள் காலை, முப்பது டன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிக்கொண்டு கணவன் மலைக்குக் கிளம்பினான். அவன் போய் இரண்டு மணி நேரம் கழித்துத் தம்பி, அவளுக்கு இரவல் கொடுத்திருந்த தன் அளவுக் கருவியை வாங்கிப்போக வந்தான். வந்தவன் சும்மா போகாமல், முதல் சிலிண்டர் தன்னைப் பாடாய்ப் படுத்தியதைச் சொன்னான். அதில் ஒரு கீறல் இருந்ததாம்; கூடுதலாகத் தேய்க்க வேண்டி வந்ததாம்; ஆறில் பெரிய பிஸ்டனாகப் பார்த்து அதற்கு ஒதுக்கினானாம்.

“முதல் சிலிண்டர்ல கீறலே இல்லையேடா,” என்றாள் அவள்.

“இருந்துச்சேக்கா. ஃப்ளைவீல் பக்கத்துல இருக்கே, அது.”

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். லாரிக்காரர்கள் சிலிண்டரை முன்னாலிருக்கிற ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். கப்பலில் பழகிய தம்பி பின்னாலிருக்கிற ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறான். அவனுடைய ஒன்று இவளுடைய ஆறு. பெரிய பிஸ்டன் போய் இருப்பதிலேயே சின்ன சிலிண்டரில் உட்கார்ந்திருக்கிறது, போதாத இடைவெளியோடு. சின்ன பிஸ்டன் ஆறாவதில் தொளதொளவென்று ஆடுகிறது; காலையில் கேட்ட டக் டக் அதுதான். இவள் அளந்து பார்த்த மூன்றாவது, அவன் கணக்கில் நான்காவது; அந்த இரண்டும் அச்சாக ஒரே அளவு. அதனால்தான் தப்பு கண்ணில் படவில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. சொல்லாமல் மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மைதான். ஆனால் ஓட்டுகிறவன் அவள் புருஷன். நேரே பெரியவரிடம் போய், ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. வாசலில் நின்ற வேனின் சாவியை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மலைப்பாதையில் பாதி தூரத்தில் லாரியைப் பிடித்தார்கள். பாதை குறுகல், முந்த வழியில்லை. அங்கே எப்படியோ போன் கிடைத்தது. கணவன் நிறுத்தட்டுமா என்று கேட்டான்.

“நிறுத்தாதீங்க. நிறுத்தினா இந்த ஏத்தத்துல மறுபடி கிளப்பவே முழு பலம் வேணும், அதைத்தான் அது தாங்காது. ஒரு கியர் குறைச்சு, மெதுவா மிதிச்சு, இப்படியே போங்க.”

இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருந்தது. வேனின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, லாரியின் வாலைப் பிடித்தபடி அவள் ஓட்டினாள். காது முழுக்க அந்த இன்ஜின்தான். புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப்புகை வந்தால் ரிங் போயிற்று என்று அர்த்தம். பெரியவர், இப்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டார். நாற்பது வருஷம் அந்த இன்ஜின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டவர், அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

அவள் சொன்னாள். பிஸ்டன் தலைக்குமேல் இரும்பே இளகுகிற நெருப்பு. அடியில் எண்ணெய். நடுவில் மூன்று ரிங், அதுவும் ஒரு ரிங் சுண்டு விரல் பருமன்கூட இல்லை. நெருப்பு கீழே வராமலும் எண்ணெய் மேலே போகாமலும் அவைதான் மறித்துக்கொண்டிருக்கின்றன. பிஸ்டன் ஒரு நொடிக்கு முப்பது தடவை ஏறி இறங்குகிறது.

“அப்போ உச்சிக்குப் போறதுக்குள்ள?”

“ஒவ்வொரு பிஸ்டனும் லட்சம் தடவை, மாமா.”

பெரியவர் லட்சம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கிற கால்களை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் கனத்துத் திரும்பியபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிஸ்டனை முந்தாநாள்வரை ஊரான் சாமான் என்று வைதவர், “ஏறிடும், ஏறிடும், இன்னும் கொஞ்சந்தான்,” என்று அதற்கே தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏறிவிட்டது. உச்சியில் மின் நிலைய வாசலில் லாரி நின்றது. இன்ஜினை உடனே அணைக்காமல் பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டார்கள். அணைத்த பிறகுதான் அவள் வேனிலிருந்து இறங்கினாள். கணவன் இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

வெறும் வண்டியை மெதுவாக இறக்கிக் கொண்டுவந்து, மறுநாள் இன்ஜினைப் பிரித்தாள். முதல் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்தாள். பக்கவாட்டில் மழுங்கின மாதிரி ஒரு தேய்மானம், அவ்வளவுதான். சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை. மேல் ரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இரண்டு முனையும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. முட்டியிருக்கின்றன. முட்டி, ஒன்றையொன்று உரசி, உடையாமல், லட்சம் தடவையும் பொறுத்துக்கொண்டு அவள் புருஷனை மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. மயிரிழை என்பார்களே, அந்த மயிரிழைக்குக்கூட அங்கே இடமில்லை.

அவள் ரிங்கைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“சாமான் தாங்கிடுச்சு மாமா. தப்பு என்னோடது. மத்த அஞ்சையும் அளக்காம விட்டது நான்தான். நீங்க சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்படறேன்.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த முனைகளைப் பார்த்தார். கழற்றித் துடைத்து, மாட்டி மறுபடி பார்த்தார். விரல் நுனியால் மெல்லத் தடவினார். கையிலிருந்ததை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கைகளாலும் கொடுத்தார். பிரித்துப் போட்டிருந்த இன்ஜினையும், வரிசையாகத் துணியில் கிடந்த ஆறு பிஸ்டன்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“ஏம்மா,” என்றார், குரலே எழும்பாமல், “நீ திரும்பக் கோக்கறப்போ, ஒன்னே ஒன்னை மட்டும் நான் உள்ள தள்ளட்டுமா? நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் இதைத் தொட்டதில்லம்மா.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் இன்ஜின் இன்ஜின்தான்.

“கையைக் கழுவிட்டு வாங்க மாமா. நகத்துக்குள்ளயும்,” என்றாள்.

பெரியவர் மறு பேச்சு பேசாமல் குழாயடிக்குப் போனார்.