கடல் நல்லாத்தான் கிடந்தது

நெடுந்தீவில் எல்லாரும் அவர்களை ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் நிருஜாவும் றஜீவனும் அதற்கு முன்னர் அந்தத் தீவை ஒருநாளும் கண்டதில்லை. இருவரும் பிறந்தது தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். ஒரே லைனில், நாலு வீடு தள்ளி வளர்ந்து, முகாம் வாசலில் இருந்த மாதா கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்டவர்கள். றஜீவனின் தகப்பன் சண்டைக் காலத்தில் விட்டுவிட்டு ஓடிய காணி ஒன்று தீவில் கிடந்தது. கலியாணம் முடிந்த கையோடு, "சொந்த மண்ணில போய் இருப்பம்" என்று றஜீவன் ஒற்றைக் காலில் நின்றான். நிருஜா மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு அவனை அப்போது அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான் என்றாலும், கணவன் என்ற முறையில் அவன் புது ஆள். விமானம் ஏறும்போது அவளுக்கு வெளிநாட்டுக்குப் போவது போல இருந்தது. வந்து சேர்ந்து ஒரு மழைக்காலம் தொடங்கிய பிறகும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு அறை, தகரக் கூரை, சுற்றிவரக் கல்வேலி. பக்கத்து வளவில் மேரிசுகந்தி இருந்தாள். றஜீவனின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. றஜீவனைப் பார்த்து நிருஜாவும் அவளை மாமி என்றே கூப்பிட்டாள். அந்தக் காணியில் அதுவரை மேரிசுகந்தியின் மாடுகள்தான் நின்றன. இவர்கள் வந்ததும் மறுபேச்சில்லாமல் அவிழ்த்துக்கொண்டு போனாள். கோபம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் வேலிக்கு இந்தப் பக்கம் அவள் காலெடுத்து வைத்ததும் இல்லை.

நிருஜாவின் வாயில் "ஓம்" என்று வருவதற்குள் "ஆமா" என்று வந்துவிடும். கடையில் நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கெட்ட சிரிப்பில்லை, அது அவளுக்கும் தெரியும். என்றாலும் அவள் கடையில் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். றஜீவன் அப்படியல்ல. வந்த கிழமையே தீவார் மாதிரிக் கதைக்கப் பழகிவிட்டான். முகாமில் பெயின்ற் அடித்துப் பிழைத்தவன், இங்கே பிறத்தியாரின் வள்ளத்தில் கூலிக்குப் போனான். ஆட்டத்தில் வாந்தி எடுத்துவிட்டு வந்தாலும், "பழகீடும், பழகீடும்" என்பான்.

மார்கழி பிறந்தது. முகாமில் என்றால் மாதம் பிறந்தவுடனேயே கிறிஸ்துமஸ்தான். லைனுக்கு லைன் கடதாசி நட்சத்திரம் தொங்கும். கரோல் கோஷ்டி வீடு வீடாக இறங்கும், றஜீவன்தான் முதல் குரல். வேதக்காரர் வீடு, சைவக்காரர் வீடு என்று பார்க்காமல் எல்லா வாசலிலும் நின்று பாடுவார்கள். நிருஜா அவனை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்ததும் அப்படி ஒரு பாட்டின் நடுவில்தான்.

இங்கே அது நத்தார். கோயில் பெடியள் ஒரு பின்னேரம் இவர்கள் வீட்டுக்கும் வந்தார்கள். றஜீவன் ஆசையோடு வாசலில் போய் நின்றான். அவர்கள் பாடியது அவனுக்குத் தெரியாத மெட்டு. வாயைத் திறந்து, பாட்டைப் பிடிக்க முடியாமல் மூடிக்கொண்டான். அவர்கள் போன பிறகு, "நல்லாப் பாடினவங்கள்" என்று மட்டும் சொன்னான்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு அவன் யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டான். கேக்குக்கு முந்திரிகை வத்தல், அவளுக்கு ஒரு சீலை, தனக்கு ஒரு சேட்டு. பின்னேரப் படகில் வந்துவிடுவேன் என்றான். வாசல் கடப்பைச் சாத்திக்கொண்டே, "மாமி ஆக்களையும் சாப்பிடக் கூப்பிடுவமா?" என்று கேட்டான்.

"வருவாங்களா?"

"நான் கேட்டுப் பாக்கிறன்."

அன்று பின்னேரம் அவன் வரவில்லை. இருட்டுப்படுகிற நேரம் தொலைபேசி எடுத்தான். "கடல் சரியில்லை. படகு ஓடேல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையடியில தெரிஞ்ச ஆள் ஒருத்தற்ற வீட்டில நிக்கிறன். நாளைக்கு வாறன்." காற்றுச் சத்தத்தில் அவன் குரல் அறுந்து அறுந்து வந்தது. அவள் வீடு இருந்தது தீவின் நடுவில். அங்கிருந்து கடல் தெரியாது. பனைகள் ஆடின, தகரத்தில் மழை இறங்கியது. நம்பாமல் இருக்க ஒன்றும் இல்லை.

அடுத்த நாளும் அதே கதை. "இண்டைக்கும் ஏலாதாம். நீ பயப்பிடாமல் இரு." அவன் பின்னால் ஆட்கள் கதைப்பது கேட்டது. யாரோ சிரித்தார்கள். அவனைப் போல அகப்பட்டவர்கள் நிறையப்பேர் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் அவள் தனியே கோழியை மசாலாவில் ஊறப் போட்டாள். கிடந்த மாவில் கொஞ்சம் முறுக்குப் பிழிந்தாள். ஒருவருக்காகச் சமைப்பதா இருவருக்கா என்று தெரியாமல், கடைசியில் நாலு பேருக்குச் சமைத்தாள். மேரிசுகந்தியைக் கூப்பிடுகிற வேலையை றஜீவன் தானே செய்வதாகச் சொல்லியிருந்தான். அவள் போய்க் கூப்பிடவில்லை.

இருட்டில் தனியே போகப் பயந்து நடுச்சாமப் பூசைக்குப் போகாமல் விட்டாள். காலைப் பூசைக்குப் போனாள். கலியாணத்துக்கு இரண்டாவது சீலையாய் எடுத்த பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் கடைசி வாங்கில் இருந்தாள். பூசை முடிந்ததும் ஆளுக்காள் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். அவளுக்கும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் தங்கள் ஆட்களிடம் போனார்கள்.

திரும்பும்போது மேரிசுகந்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "நில்லும் பிள்ளை, சேர்ந்து போவம். எங்க றஜீவன்? பூசைக்குக் காணேல்லை."

"டவுனுக்குப் போனவர் மாமி. கடல் சரியில்லாம அந்தப் பக்கம் நிக்கிறார். ரெண்டு நாளா படகு ஓடலயாம்."

மேரிசுகந்தி நடையை நிறுத்தினாள். "ஆர் சொன்னது? நேற்றுக் காலமையும் ஓடினது, பின்னேரமும் ஓடினது. முந்தநாளும் ஓடினது. என்ர தங்கச்சி குடும்பம் நேற்றுப் பின்னேரந்தானே வந்து இறங்கினவை. மழைதானே ஒழிய, கடல் நல்லாத்தான் கிடந்தது எண்டவை."

சொல்லிவிட்டுத்தான் அவள் நிருஜாவின் முகத்தைப் பார்த்தாள். உடனே குரலை மாற்றினாள். "நத்தார்ச் சனம்தானே. இடம் கிடைக்காமல் போயிருக்கும். இல்லாட்டி ஏன் நிக்கிறான்?"

"ஆமா மாமி" என்றாள் நிருஜா. பிறகு, "ஓம்" என்றாள்.

"மத்தியானம் எங்களோட வந்து சாப்பிடுமன். தனிய இருந்து என்ன செய்யப்போறீர்?"

"இல்ல மாமி, அவர் வந்திடுவார். சமைச்சு வச்சிருக்கன்."

மேரிசுகந்தி இன்னொரு தடவை கேட்கவில்லை. வேலி வரும்வரை இருவரும் கோயில் சோடனையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சீலையை மாற்றாமல் நிருஜா கதிரையில் இருந்தாள். தொலைபேசியை எடுத்து அவன் பெயர் வரைக்கும் போய், அழுத்தாமல் வைத்தாள். கேட்டால் அவன் இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும், அதை நம்பியது போல அவள் காட்டவேண்டி வரும். என்னென்னவோ நினைத்தாள். அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். அவன் உடுப்புகள் மடித்தபடி இருந்தன. அவற்றின் அடியில் கைவிட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று தடவினாள். இருந்தது. தடவிப் பார்த்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் முகாமிலிருந்து அம்மா வீடியோவில் அழைத்தாள். சிக்னல் கிடைக்கிற கல்வேலி ஓரத்துக்கு நிருஜா ஓடினாள். திரை முழுக்க முகங்கள். பின்னால் ஒலிபெருக்கி, பிள்ளைகளின் சத்தம், யாரோ வெடி கொளுத்தினார்கள். அம்மா முப்பது வருசம் இந்தியாவில் இருந்தும் மாறாத பேச்சோடு, "பிள்ளை, பூசைக்குப் போனியே? மருமகன் எங்க? அவரைக் காட்டு" என்றாள்.

"குளிக்கிறார் அம்மா. இப்பதான் போனார்."

"சரி, வரட்டும். நான் வைக்க மாட்டன்."

அம்மா தொலைபேசியை வீடு வீடாகக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாழ்த்து, ஒரு கேலி. நிருஜாவுக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. அவளோடு படித்த நிஷாந்தினியின் கைக்குத் தொலைபேசி போனது.

"ஏய், நீ மட்டும் ஏன் அதுல இல்ல?" என்றாள் நிஷாந்தினி.

"எதுல?"

"நேத்து நம்ம டிலான் வீட்டு வீடியோ. மண்கும்பான்ல. அங்க வந்து செட்டில் ஆன நம்ம முகாம் ஆளுங்க எல்லாரும் இருந்தாங்களே. உன் வீட்டுக்காரர்தான் பாடினாரு. ராத்திரி பூரா லைன் முழுக்க அதத்தான் போட்டுப் பாத்தோம். உன்னத் தேடினோம். நீ சமையக்கட்டுல இருந்தியா?"

"ஆமா" என்றாள் நிருஜா. "சமையக்கட்டுல இருந்தேன்."

தொலைபேசி அம்மாவிடம் திரும்பி வந்தது. அம்மா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டிருந்தாள். அவள் முகம் திரைக்கு மிக அருகில், நெற்றியும் கண்ணுமாக மட்டும் தெரிந்தது. மருமகன் குளித்து முடித்துவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை.

"சாப்பிட்டியே பிள்ளை?"

"சாப்பிட்டன் அம்மா."

"சரி. வை. பிறகு எடுக்கிறன்."

மண்கும்பான். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு வருகிற பஸ் அந்த வழியால்தான் வரும். டிலான் போன வருசமே முகாமை விட்டு வந்தவன். ஒருநாள் போய்ப் பார்ப்போம் என்று இருவரும் பலதடவை சொல்லியிருக்கிறார்கள். வேறு பெண் இல்லை, விபத்து இல்லை என்று அறிந்ததும் நெஞ்சு இளகத்தானே வேண்டும். இளகவில்லை. பாட்டு என்பதுதான் அவளை அதிகம் சுட்டது.

பின்னேரம் அவன் வந்தான். கையில் சீலைக்கடைப் பை, கேக் பெட்டி. தோளெல்லாம் நனைந்திருந்தது. வாசலிலேயே தொடங்கினான். "ஒரு மாதிரி இண்டைக்குத்தான் கடல்..."

"போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றாள் நிருஜா. "நீங்க குளிக்கிறதா அம்மாகிட்ட சொல்லியிருக்கன்."

அவன் விளங்காமல் பார்த்தான்.

"டிலான் வீட்டில நீங்க பாடினத முகாமே பாத்திருக்கு. என்னையும் தேடினாங்களாம்."

றஜீவன் பையைக் கீழே வைத்தான். குளிக்கப் போகவில்லை. ஈரச் சேட்டோடு நிலத்தில் இருந்துவிட்டான். அவள் குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"பஸ்ஸில டிலானைக் கண்டனான்" என்றான் பிறகு. "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டான். போனால், எல்லாரும் இருக்கினம். பாட்டுத் தொடங்கிச்சுது. படகு போயிட்டுது. அடுத்த நாள் வந்திருக்கலாம். வெளிக்கிட்டும் நிண்டனான். கால் வரேல்லை."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம். நானும் படகு ஏறி வந்திருப்பன்."

"ஓம்."

"ஏன் கூப்பிடல?"

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உனக்கு இங்க வர விருப்பம் இருக்கேல்லை. நான்தான் சொந்த மண், சொந்த மண் எண்டு இழுத்துக்கொண்டு வந்தனான். எனக்கும் இங்க ஏலாமல் கிடக்கு எண்டு உனக்கு முன்னால எப்பிடி நிண்டு சொல்லுறது? அங்க பாடேக்க நான் அழுதனான். நீ பக்கத்தில இருந்திருந்தா எனக்குப் பாட வந்திராது."

இவ்வளவு மாதமும் அவன் பழகிவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் பழகிவிட்டானே, தனக்குத்தான் முடியவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொண்டு, தண்ணீர் அள்ளவும் கடைக்குப் போகவும் தனியே பழகியிருந்தாள். ஒரு கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒரே நோவை ஆளுக்காள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அதை அறிந்ததும் அவன் கையைப் பிடிக்கவேண்டும் போல வந்தது. அதே நேரம், இரண்டு நாள் தான் மட்டும் மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்ததும் நினைவுக்கு வந்தது. கை எழவில்லை.

"யார் யார் வந்திருந்தாங்க?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். டிலானின் பெண்சாதி, மூன்றாம் லைன் றோஸ் அக்கா, அவளுடைய பிள்ளைகள், தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த ஆட்கள். றோஸ் அக்கா மெலிந்துவிட்டாளாம். பிள்ளைகள் இங்கத்தைய பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்களாம்.

"என்ன சமைச்சாங்க?"

"பிரியாணி. நம்ம முகாமில மாதிரியே, பெரிய அண்டாவில."

"எந்தப் பாட்டு முதல்ல?"

சொன்னான். அது அவளுக்கும் பிடித்த பாட்டு. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "பாடட்டா?" என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் அவள். "சாப்பிடுங்க. ஆறிப் போச்சு."

அவன் சாப்பிட்டான். அவள் அதே சோற்றுக் கோப்பையிலிருந்து இரண்டு பிடி எடுத்துத் தின்றாள். புதுவருசத்துக்கு இருவருமாக மண்கும்பானுக்குப் போவோம் என்று அவன் சொன்னான். போவம் என்று அவளும் சொன்னாள். முகாமுக்குத் திரும்புவது பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. திரும்புவதற்கு அங்கே வழியும் இல்லை, இடமும் இல்லை. நாடு திரும்பியவர்களின் பெயரை முகாம் பதிவிலிருந்து எடுத்துவிட்டு வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கை கழுவியவன் பாயில் சரிந்து உடனேயே தூங்கிப்போனான். இரண்டு நாள் கண் மூடாத ஆளின் தூக்கம். நிருஜா கேக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சீலையை விரித்துப் பார்த்தாள். நல்ல நிறம், அவளுக்குப் பொருந்துகிற நிறம்தான். வேலிக்கு அப்பால் மேரிசுகந்தி வீட்டில் விருந்தாளிகள் சிரித்துக் கதைப்பது கேட்டது. ஒரு குழந்தை அழுதது, ஒரு ஆண் குரல் அதைத் தேற்றியது. அவனை எழுப்பி ஏதாவது கேட்கலாமா என்று அவள் யோசித்தாள். கேட்க இனி ஒன்றும் மிச்சம் இல்லை. பாயின் மறுகரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பொழுதுபடுகிற வரைக்கும் அப்படியே இருந்தாள்.