இது உங்க முறை இல்லப்பா

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறதா, பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா? சொல்லப் போவது வீட்டுச் சமாச்சாரம் என்பதால் இதையெல்லாம் முதலில் கேட்டுவிடுவது நல்லது. கோட்டு தைக்கிற தையற்காரர் ஒருவர், பெரிய மகன் வீட்டிலிருந்து சின்ன மகன் வீட்டுக்குப் போன அன்று, வாசற்படியைத் தாண்டுகிற நேரத்தில் அறுபத்து மூன்று அங்குலத்திலிருந்து நாற்பத்திரண்டு அங்குலமாகக் குறைந்தார். வலி ஒன்றும் இல்லை. நழுவிய கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தில் கிடந்த டேப்பை இன்னொரு கையால் எடுத்துத் தன்னைத் தானே அளந்து பார்த்தார். சரியாக நாற்பத்திரண்டு. இழையளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதற்கு யாரும் மந்திரம் போடவில்லை. பேசி முடிவு செய்ததுதான் நடந்தது. மனைவி போன பிறகு தையற்காரரின் இரண்டு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். டைல்ஸ் ஒட்டுகிற பெரியவனுக்கு வீடு. மருந்துக்கடை வைத்திருந்த சின்னவனுக்குக் கையிருப்பும் அப்பாவின் தையல் மிஷினும். மிச்சம் இருந்தது அப்பா மட்டும். அவரை வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாகத் தாய்மாமன் முன்னால் பேச்சு. தம்பியைவிடத் தனக்கு ஒரு பிடி கூடுதலாகச் செலவாகிவிடுமோ என்று அண்ணனுக்குப் பயம். அண்ணனை நினைத்துத் தம்பிக்கும் அதே பயம்.

"வீடு எனக்கு வந்துருக்கு, ஒத்துக்கறேன்," என்றான் பெரியவன். "அதனால தம்பி எவ்வளவு அப்பாவை அனுப்புறானோ அதுபோல மூணு பங்கு நான் பாத்துக்கறேன். ஆனா போன முறை நான் பாத்துக்கிட்டதை அதுல கழிச்சிடணும்."

சின்னவன் மூன்று பங்கெல்லாம் தன்னால் ஆகாது என்றான். அண்ணன் அனுப்புவதை அப்படியே ஒரு பங்காக வைத்துக்கொள்வானாம். போன முறை தான் பார்த்ததை அவனும் கழித்துக்கொள்வானாம். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது அப்பா நாலு மாசம் தன் வீட்டில்தான் இருந்தார், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"அப்பன் என்ன துணியாடா, வெட்டிக் கழிக்கிறதுக்கு?" என்று கேட்டார் தாய்மாமன். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவரும், "சரி, முறைன்னா முறைதான்," என்று எழுந்து போய்விட்டார்.

ஆக முதல் வருஷம் பெரியவன் வீட்டில் முழு ஆளாக இருந்தவர், இரண்டாவது வருஷம் சின்னவன் வீட்டில் அந்த நாலு மாசம், அதாவது ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு, இருபத்தோரு அங்குலம் கழிந்து உள்ளே போனார். மூன்றாவது வருஷம் திரும்பப் பெரியவன் வாசலை மிதித்தபோது நாற்பத்திரண்டு மூன்று பங்காகி, போன முறையின் அறுபத்து மூன்று அதில் கழிந்து, மறுபடி அறுபத்து மூன்றுக்கே வளர்ந்தார். நல்லவேளை, கால்சட்டையைக் கத்தரிக்காமல் உள்ளே மடித்துத் தைத்திருந்தார். எந்தத் துணியைத் தைத்தாலும் உள்மடிப்பில் இரண்டு விரல்கடை விட்டுத் தைப்பவர் அவர். உடம்பு இன்றைக்கு இருப்பதுபோல் நாளைக்கு இருக்காது என்பார். நான்காவது வருஷம் சின்னவன் வீட்டில் அறுபத்து மூன்றில் நாற்பத்திரண்டு போய் இருபத்தோரு அங்குலம் ஆனார். அந்த வருஷம் தலையணை உறையைத்தான் சட்டையாகப் போட்டுக்கொண்டார்.

குறைவதும் வளர்வதும் அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அவருடைய கவலை ஒரு கோட்டு. தெருக்கோடியில் இருந்த தபால்காரருக்காக வெட்டியது. வலது கை வைத்தாயிற்று, இடது கை வைக்கவில்லை. அதற்குள் பாகப்பிரிவினை வந்துவிட்டது. ஒருவர் வெட்டிய துணியை இன்னொரு தையற்காரர் தொடமாட்டார், அது தொழில் முறை. தபால்காரரும் பொறுமைசாலி, ஒரு கை இல்லாத கோட்டையே மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் தபால் போட்டார். குளிர் காலத்தில் அந்த இடது கை மட்டும் நீலம் பாய்ந்து கிடக்கும். அந்தக் கையை எதிரில் பார்த்தால் தையற்காரர் தலையைக் குனிந்துகொள்வார். கோட்டில் அந்தக் கையை வைக்க மிஷின் வேண்டும். மிஷினை மிதிக்கக் கால் எட்ட வேண்டும். கால் எட்டுகிற உயரம் பெரியவன் வீட்டில் மட்டும்தான் வந்தது. மிஷின் இருந்ததோ சின்னவன் வீட்டில்.

மிஷினை ஒரு வாரம் கொண்டுவந்து போடச் சொல்லிப் பெரியவனிடம் கேட்டுப் பார்த்தார். தம்பியின் பொருள் இந்த வீட்டுக்குள் வந்தால் நாளைக்கு வீட்டிலேயே பங்கு கேட்பான் என்றான் பெரியவன். சரி, தானே போய் மிதித்துவிட்டு வந்துவிடலாம் என்று, மூன்றாவது வருஷம் முழு உயரத்தில் இருந்தபோது, தபால்காரரிடமிருந்து கோட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சின்னவன் வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்த சின்னவன் ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு வழியை அடைத்தான்.

"இது உங்க முறை இல்லப்பா," என்றான்.

"அரை மணி நேரம்டா. ஒரு கை வெச்சுட்டுப் போயிடறேன்."

"அரை மணி நேரத்தை யார் கழிக்கிறது?"

தையற்காரர் திரும்பி வந்துவிட்டார். வரும் வழியிலேயே கோட்டைத் தபால்காரருக்குப் போட்டுவிட்டார். இடது பக்கத்தைத் தூசி தட்டுவதுபோல் இரண்டு தட்டும் தட்டினார்.

சின்னவனுடைய மனைவி கணக்கு டீச்சர். மாமனார் இருபத்தோரு அங்குலமாக மிஷினின் மிதிமேல் உட்கார்ந்திருந்த வருஷம், சமையலறை மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்துவிட்டு அவர் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். ஒரு வருஷம் மூன்று பங்கு, மறு வருஷம் ஒரு பங்கு என்று மாற்றி மாற்றிப் பெருக்கினால் தலை சுற்றியது. ஒரு வீட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் விதி ஒன்றேதான். இந்த முறை உயரத்தில் போன முறை உயரத்தைக் கழித்தால் அடுத்த முறை உயரம். அண்ணன் வீட்டிலும் அதுவே, தம்பி வீட்டிலும் அதுவே. அங்கிருந்து சூத்திரம் கையெட்டும் தூரம். கைக்காரியம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து, துணியில் குறி போடுகிற சாக்பீஸால் மிஷின் சக்கரத்தில் ஆறு கோடு போட்டாள்.

"இங்க பாருங்க மாமா. உச்சியில இருக்கற கோடு, நீங்க முதல்ல இங்க வந்த நாப்பத்திரண்டு. ஒவ்வொரு முறைக்கும் சக்கரம் ஒரு கோடு திரும்புது. கோடு அச்சுக்கு எவ்வளவு மேல இருக்கோ அதான் உங்க உயரம். எத்தனாவது முறைன்னு மட்டும் சொல்லுங்க, உயரம் வந்துடும். நடுவுல இருக்கற வருஷம் எதையும் வாழ்ந்து பாக்க வேண்டாம்."

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோடு அச்சுக்குக் கீழ போகுதேம்மா."

"போகும். பள்ளமாயிடுவீங்க. அப்புறம் மேல வரும். ஆறு முறையில ஒரு சுத்து. அண்ணன் வீட்டுச் சக்கரம் இதவிடப் பெரிசு, அதுல அடுத்த வருஷம் சைபர்."

சைபர் என்பது அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் கேட்டது வேறு. "மிஷின் இருக்கற இந்த வீட்டுல எனக்கு எப்பம்மா அறுபத்து மூணு வரும்?"

டீச்சர் பொய் சொல்லிப் பழகாதவள். "வராது மாமா. இந்தச் சக்கரத்துக்கு நாப்பத்திரண்டுதான் உச்சம். எத்தனை சுத்து சுத்தினாலும் அவ்வளவுதான்."

"உள்மடிப்புல கொஞ்சம் விட்டிருப்பாங்களே."

"சூத்திரத்துல உள்மடிப்பு கிடையாது மாமா," என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போனாள். வருஷம் வருஷமாக எண்ணிக்கொண்டு போயிருந்தால் அடுத்த முறை வரும், அதற்கடுத்த முறை வரும் என்று அவர் பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்திருப்பார். அன்று இரவு மிதியைவிட்டு இறங்கவே இல்லை.

ஐந்தாவது வருஷம் பெரியவன் வாசலில் ஒரு தலையணை உறையும் டேப்பும் மட்டும் விழுந்தன. பெரியவன் மனைவி உறையைத் துவைத்து மடித்து வைத்தாள், டேப்பைக் கொக்கியில் மாட்டினாள். அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்களிடம், அப்பா இங்கேதான் சைபராக இருக்கிறார், ஒரு தொந்தரவும் இல்லை என்று பெரியவன் சொன்னான். ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறானா என்று சின்னவன் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சைபருக்கு மூன்று வேளை போட்டாலும் சைபர்தான் என்று அண்ணன் சொல்லி அனுப்பினான்.

வருஷம் முடிந்ததும் உறையையும் டேப்பையும் சின்னவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நிலையைத் தாண்டியதும் மிஷினுக்குப் பக்கத்தில் தரை இருபத்தோரு அங்குலம் இறங்கியது. ஓரமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டியதுபோல் அத்தனை நேர். உள்ளேயிருந்து, "டேப்பு எங்க?" என்று தையற்காரர் கேட்டார். தன் ஆழத்தை அளந்து பார்த்துச் சரிதான் என்றார். இடத்தை வீணாக்குவானேன் என்று சின்னவன் இருமல் மருந்துப் பெட்டிகளை அதில் அடுக்கினான். அதற்குப் பிறகு அவர் பேசினால் சரியாகக் கேட்கவில்லை.

ஏழாவது வருஷம் பெரியவன் வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில் அறுபத்து மூன்று அங்குலப் பள்ளம். டைல்ஸ் ஒட்டுகிறவன் வீட்டிலேயே குழி இருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? ஒரே நாளில் உடைந்த டைல்ஸையும் மணலையும் கொட்டி, சிமெண்ட் ஊற்றி, மேலே டைல்ஸ் பதித்துவிட்டான். ஒட்டுப் போட்ட இடத்தை அவனாலேயே பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்தபோது டீச்சர், "அவசரப்பட்டுட்டாரு," என்றாள். மூடியதால் அந்த முறை பள்ளம் இல்லை, சைபர். சின்னவன் வீட்டில் அந்தச் சைபரில் போன முறைப் பள்ளத்தைக் கழிக்கவேண்டும். பள்ளத்தைக் கழித்தால் மேடு. எட்டாவது வருஷம் தலையில் சிமெண்ட் தூளோடு இருபத்தோரு அங்குலத் தையற்காரர் மருந்துப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். அடுத்த வருஷம் அது மூன்று பங்காகி, பெரியவன் கூடத்தில் முழு ஆளாக வந்து, தபால்காரர் எங்கே என்று கேட்டார்.

பெரியவன் அன்றே தம்பி மனைவிக்குப் போன் போட்டான். மூடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். அஞ்சு வருஷம் கீழேயே இருந்திருப்பார், முன்னும் பின்னும் ஒரு சைபர் வருஷம் என்று அவள் சொன்னாள். அஞ்சையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அவன் போனை வைத்தான்.

அறுபத்து மூன்று, நாற்பத்திரண்டு, அறுபத்து மூன்று, இருபத்தொன்று என்று பழைய வருஷங்களே திரும்ப வந்தன. மிஷினும் காலும் ஒரே வீட்டில் சேரவில்லை. தபால்காரருக்கு முடி நரைத்தது, கோட்டுக்கு நிறம் போனது. பிறகு சைபர். பிறகு சின்னவன் வீட்டில் மருந்துப் பெட்டிகள். அதற்கடுத்து பெரியவன் கூடத்தில் மறுபடி அந்த ஆழமான பள்ளம். இந்தத் தடவை தையற்காரருக்கும் கணக்கு தெரிந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய மகனைப் பள்ளத்துக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"சிமெண்ட் போடுப்பா."

பெரியவன் கரண்டியும் கையுமாக விளிம்பில் குந்தினான்.

"மூட்டை இருக்குல்ல? போட்டு மூடிடுப்பா. மூடினாத்தான் சீக்கிரம் எழுந்து வருவேன். அந்தக் கை பாக்கி நிக்குது."

"தெரியும்ப்பா," என்றான் பெரியவன். ஊரில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் மூடுவது அவன் தொழில். ரசமட்டத்தை விளிம்பில் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. ஒரு பலகையை அளவாக அறுத்து, அதன்மேல் நாலு டைல்ஸ் ஒட்டி, தூக்கி எடுக்கிற மாதிரி மூடி செய்து போட்டான். உள்ளே ஒரு பிடி மணல்கூட விழாமல் பார்த்துக்கொண்டான். வந்து போகிறவர்கள் யாருக்கும் கால் தடுக்கவில்லை.

மறு வருஷம் சின்னவன் வீட்டில் பள்ளம் நாற்பத்திரண்டு அங்குலம். இந்த முறை சரியாக மிஷினுக்கு அடியிலேயே இறங்கியது. ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மிதி தானாக ஆட ஆரம்பித்தது. சக்கரம் சுற்றியது, அதில் டீச்சர் போட்ட சாக்பீஸ் கோடுகள் ஒன்றாகக் கலந்து வெள்ளையாகத் தெரிந்தன. ஊசி துணியில்லாமல் கீழே போய் மேலே வந்துகொண்டிருந்தது. சின்னவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். மிதி நிற்கவில்லை.

இன்றைக்கும் அந்த வருஷம் யாருடைய முறை என்று பார்த்துத்தான் சின்னவன் வீட்டுக்கு ஆட்கள் வந்து போகிறார்கள். சத்தம் பழகிவிட்டது, அது கேட்காவிட்டால்தான் டீச்சருக்குப் பேப்பர் திருத்த ஓடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் அந்தப் பக்கம் வரும்போது ஜன்னலோரம் நிற்பார். இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்பார். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

உங்கள் வீட்டில் இப்போது யாருடைய முறை? கூடத்தில் தட்டிப் பார்த்தால் வேறு மாதிரி சத்தம் வருகிற டைல்ஸ் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், எத்தனை அங்குலம் என்று அளந்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள்.