கறுப்புப் பக்கம் மேலே

1

இந்தக் கதை எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகக் கிடைத்தது. எட்டிப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜன்னலை அங்கே வைத்தது கட்டடம் கட்டினவர். மேசையைத் தன் ஜன்னலோரம் இழுத்துப் போட்டது எதிர்வீட்டுக்காரர். நடுவில் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யமுடியும்?

முதல் வரியை இப்படி எழுதினேன்:

"காகிதத்தின் மௌனத்துக்குள் ஒரு பறவை நெடுங்காலமாக உறங்கிக்கொண்டு—"

தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் வீட்டுக்காரர், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். அடித்துவிட்டேன். அடுத்தது:

"லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் கையிலுள்ள கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார், மறுபடி தேய்ப்பார், அதற்குப் பிறகுதான் தாளைத் தொடுவார்."

இது பரவாயில்லை. கண்ணால் பார்த்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

"எழுது, எழுது," என்றார் வீட்டுக்காரர். "ஆனா நீ சொன்னா யார் நம்புவா? வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குதுன்னு சொல்ற ஆளாச்சே நீ."

இந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

2

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் மடிப்பது கப்பலோ ராக்கெட்டோ இல்லை. அதற்கு ஓரிகாமி என்று பெயராம். ஒரே ஒரு சதுரத் தாள். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அடுத்தவர் கண்டுபிடித்த உருவத்தைப் பார்த்து மடிப்பதிலும் அவருக்கு ருசியில்லை. தானே புதிதாக ஒன்றை உண்டாக்கவேண்டும்.

ஒருநாள் பெரிய தாளை விரித்து, அதன்மேல் சோடா மூடிகளை வைத்து இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். சூதாட்டம் என்று நினைத்தேன். [நினைத்ததோடு நின்றேனா என்று கேட்காதீர்கள். அது இந்தக் கதைக்குத் தேவையில்லாத மடிப்பு.]

பிறகு லிஃப்டில் அகப்பட்டார். கேட்டுவிட்டேன்.

"தாளுக்கு நாலு மூலைதாங்க," என்றார். "காக்காவுக்கு அலகு, வாலு, ரெண்டு றெக்கை, ரெண்டு காலு, காலுக்கு விரலு. எல்லாத்துக்கும் அதே தாள்ல இடம் ஒதுக்கணும். எதுக்கு எவ்வளவு வேணும்னு மூடியை வெச்சுப் பாக்கறேன்."

"பாகப்பிரிவினை மாதிரியா?"

"அதேதான். ஆனா காலும் வாலும் கோர்ட்டுக்குப் போகாது."

தாள் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. மாதக்கணக்கில் மடித்தும் பிரித்தும் ஒருவழியாகக் காக்கா எழுந்து நின்றது. தலையை லேசாகச் சாய்த்து, வடையைக் குறிவைத்த மாதிரி ஒரு நிற்பு. கண் இருக்கவேண்டிய இடத்தில் தாளின் ஓரத்தைத் துளியூண்டு புரட்டிவிட்டிருந்தார். கறுப்பு முகத்தில் வெள்ளைப் புள்ளி.

கூடவே குடியிருக்கும் அக்காக்காரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, கண்ணுல பூ விழுந்த காக்காவா இது?"

"அக்கா, அது கண்ணு."

"கண்ணுதான். ஆனா பாக்கலயேடா."

அது பார்க்கவில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

3

கதைக்கு ஏதாவது ஆபத்து வேண்டும் என்பார்கள். இங்கே ஆபத்து சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதில் காகிதம் குடியேறிவிட்டதால் அக்காக்காரி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது (துணி நிஜமாகவே ஈரம்) இருவரும் அடுத்த கொடியருகே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்லுமுன் ஒரு விளக்கம்.

* ஊரில் காகிதம் மடிக்கிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. நூலகத்தின் மாடியறையில் கூடுவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம். நீங்கள் ஓர் உருவத்தை உண்டாக்கினால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. அதன் மடிப்புக்கோடுகளைப் படமாக வரைந்து தரவேண்டும். மேடாக வரும் மடிப்புக்குச் சிவப்புக் கோடு, பள்ளமாகப் போவதற்கு நீலம். உங்கள் உருவத்தைப் பெட்டியில் மூடி வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்தேயிராத ஒருவர் படத்தை மட்டும் வைத்து மடிப்பார். அவர் முடிக்கும்வரை, உண்டாக்கினவர் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் பெட்டியிலிருப்பதும் மேசையிலிருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் உருவம் உங்கள் பேருக்கு.

இனி மொட்டைமாடி.

"நான் வரைஞ்ச எதையும் இதுவரைக்கும் யாரும் மடிச்சு முடிச்சதில்லக்கா. பாதியில வெச்சுட்டு எழுந்து போயிடறாங்க. ஞாயித்துக்கிழமை காக்காவும் தேறலைன்னா எல்லாத்தையும் பழைய பேப்பருக்குப் போட்டுடறேன்."

"போட்டுட்டு?"

"மேசையைத் துடைச்சுத் தரேன். நீ நிம்மதியா சாப்பிடு."

அக்காக்காரி ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தவள் மாதிரித் தெரியவில்லை. கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மாட்டவேண்டிய துணியை மறந்து நின்றாள்.

4

ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் மாடியறை. காக்காவை மடித்துப் பார்க்க இங்கே ஒரு பெண் வரவேண்டும்.

"மெல்லிய விரல்களும், நெற்றியில் புரளும் கூந்தல் கற்றையுமாக அவள் அறைக்குள் நுழைந்தபோது—"

பொய். யாருக்காவது கல்யாணம் பண்ணிவைக்காமல் எனக்குக் கதை எழுத வராது. அதுதான் கை அந்தப் பக்கம் போகிறது. வந்த பெண்மணிக்கு ஜலதோஷம். சோடாப்புட்டிக் கண்ணாடி. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். மெழுகு வழிக்கிற சின்னக் கரண்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவுவதற்காக மேசையில் வைத்தார். வந்ததிலிருந்து தும்மினாரே தவிரப் பேசவில்லை.

[லிஃப்ட்காரர் தன் கைக்குட்டையை நீட்டினார். இதை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை.]

5

நானும் போயிருந்தேன். கூடவே அக்காக்காரியையும் இழுத்துக்கொண்டு போனேன். குழுத் தலைவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். நாற்காலியைக்கூட அளந்துதான் போடுவார். பெட்டியை மூடிவைத்தார். படத்தைப் பல்செட்காரரிடம் கொடுத்தார். படத்தின் அடியில் லிஃப்ட்காரர் எழுதியிருந்தது: "கறுப்புப் பக்கம் மேலே."

இப்போது நான் சமையலறைக்கு ஓடவேண்டும். சில நாள் முன்பு ஜன்னலில் ஒன்றைப் பார்த்திருந்தேன். அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. காக்காவைப் பிரித்து விரித்து, அதிலிருந்த மடிப்புகளைப் பார்த்து அவர் படம் வரைந்துகொண்டிருந்தார். கறுப்பில் பென்சில் கோடு தெரியாது என்பதால் தாளை வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து எது மேடோ அதைச் சிவப்பாக்கினார், எது பள்ளமோ அதை நீலமாக்கினார். எல்லாம் முடிந்ததும் வழக்கமான கைப்பழக்கத்தில் கீழே "கறுப்புப் பக்கம் மேலே" என்று எழுதிவிட்டார். தன் படத்தைப் பார்த்துத் தானே யார் மடித்துப் பார்ப்பார்கள்? கைக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

பல்செட்காரர் மடிக்க மடிக்க, கறுப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வெளியே வந்துகொண்டிருந்தது.

லிஃப்ட்காரருக்கு முதலில் காது சிவந்தது. பிறகு கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. பல்செட்காரர் ஓரிடத்தில் நிறுத்தினார். தாளைப் புரட்டினார். படத்தைப் பார்த்தார். எழுதியிருந்ததை மறுபடி படித்தார். லிஃப்ட்காரர் பாதி எழுந்துவிட்டார்.

"ம்ஹூம்," என்றார் ஸ்கேல்.

உட்கார்ந்தார். பல்செட்காரர் எழுதியிருந்ததை நம்பி, தாளைப் பழையபடியே திருப்பிக்கொண்டு தொடர்ந்தார்.

"என்ன இது, கோழியா மடிக்கிறாங்க?" என்று அக்காக்காரி என் காதில் கேட்டாள். வாயைத் திறக்காமல் ஒரு மனிதர் அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை. தாளைத் திருப்பச் சொல்ல எனக்கே வாய்வரை வந்துவிட்டது.

கால் வந்தது. விரல் வந்தது. யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. கடைசியில் மெழுகுக் கரண்டியின் நுனியால் கண்ணருகே ஓரத்தைப் புரட்டிவிட்டு, பல்செட்காரர் கையை எடுத்தார்.

வெள்ளைக் காக்கா நின்றது. முகத்தில் கறுப்புப் புள்ளி. பளிச்சென்று ஒரு கண்.

அக்காக்காரி எழுந்து மேசைப் பக்கம் போனாள். வலது பக்கம் நின்றாள், இடது பக்கம் நின்றாள்.

"டேய்," என்றாள். "இது பாக்குதுடா."

ஸ்கேல் பெட்டியைத் திறந்து கறுப்பனைப் பக்கத்தில் வைத்தார். அதே சாய்ந்த தலை, அதே கால், அதே விரல். அளந்தும் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"உருவம் ஒண்ணுதான். நிறம்தான் தலைகீழ். இதுக்கு நம்மகிட்ட விதி இல்ல. நீங்களே சொல்லிடுங்க சார், உங்க காக்கா எது? கறுப்புன்னா இது தேறல. வெள்ளைன்னா தேறிடுச்சு."

"அது… நான் தப்பா எழுதினதால வந்ததுங்க," என்றார் லிஃப்ட்காரர். "என்னோடதுன்னு எப்படிச் சொல்றது?"

பல்செட்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கோடெல்லாம் நீங்க போட்டதுதானே சார்?"

லிஃப்ட்காரர் இரண்டு காக்காக்களையும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, "என் காக்கா…" என்று

6

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"கறுப்பு" என்று சொல்லவைத்தேன். நேர்மையான மனிதர் என்று பேர் வந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில் அக்காக்காரி துடைத்த மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

"வெள்ளை" என்று சொல்லவைத்தேன். கைதட்டல், கண்ணீர், கைக்குட்டை, அதைத் தொடர்ந்து கல்யாணம். திகட்டியது. அதுவும் போயிற்று.

"ரெண்டும் என்னோடதுன்னு சொல்லட்டுமே," என்றார் என் வீட்டுக்காரர். தேர்தலில் நிற்கிறவருக்கு வேண்டுமானால் அந்த முடிவு சரிப்படும்.

அன்று அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் எழுத எழுத அந்த வழக்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கோடு போடுவதோடு என் வேலை முடிந்தது. மடிக்கிறவர் நீங்கள். நீங்கள் முடிக்கும்வரை உண்டாக்கினவள் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

நானா! வாயை மூடிக்கொண்டா! தெரு முழுக்கச் சிரிக்கும்.

வீட்டுக்காரரிடம் மட்டும் ஒன்று சொன்னேன்: "வெள்ளைக் காக்காவைக் கண்ணால பாத்தவ நான். மல்லாக்கப் பறக்கறதுதான் பாக்கி."

இன்று காலை பால் பொங்குவதற்குக் காத்திருந்தபோது எதிர்வீட்டு மேசை தெரிந்தது. அதன் ஒரு மூலையில் இரண்டு சாப்பாட்டுத் தட்டு. மறுமூலையில் அக்காக்காரி, கையில் சோடா மூடியோடு, தம்பியிடம் என்னவோ கேட்டு—

கூடாது. பேசக் கூடாது.

தாள் உங்கள் கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே என்று அடியில் நான் எழுதப்போவதில்லை.