இரண்டு விரற்கடை

அந்த எஞ்சினின் பாய்லரை வெட்டிவிடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒன்பது பேர் இருந்த கழகத்தில் நான்கு பேர் வெட்டலாம் என்றும் நான்கு பேர் கூடாது என்றும் நின்றபோது, கடைசியாக எழும்பியது என் கைதான். இதை இனி யார் தலையிலும் கட்ட முடியாது.

கழகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒழுகும் தகரக் கூரை போட்ட பழைய எஞ்சின் கொட்டகை, கால் ஆடும் நாற்காலிகள், நீராவி எஞ்சின் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் ஒன்பது பைத்தியங்கள். கொட்டகையின் நடுவில் முப்பத்தொரு வருடமாக அசையாமல் நின்றது அந்த எஞ்சின். அந்த வகை எஞ்சின்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். மிஞ்சியதற்கான காரணம் பெருமைப்படும்படியானது இல்லை. மற்றவையெல்லாம் ஓடித் தேய்ந்து உலைக்குப் போயின. இது ஒரு விபத்தோடு நின்றது. விசாரணை முடியும்வரை தொடக்கூடாது என்றார்கள். முடிந்தபிறகு தொட யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த விபத்தில் செத்துப்போன இருவரில் ஒருவன் என் அண்ணன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன், இருபத்துநான்கு வயது. இன்னொருவர் டிரைவர். எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவர். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டே எங்களுக்கு மாமா ஆனவர்.

நடந்தது இதுதான். எஞ்சினில் நெருப்பு எரியும் பெட்டிக்குக் கூரை போல ஒரு தகடு உண்டு. அதன்மேல் எந்நேரமும் தண்ணீர் நிற்கவேண்டும். தண்ணீர் இறங்கினால் தகடு சூட்டில் பழுத்து உள்ளே சரியும். அப்புறம் பாய்லரில் இருக்கும் நீராவி மொத்தமும் டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கிற அறைக்குள் பாயும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட அந்த அறையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது ஃபயர்மேனின் வேலை.

கடைசி ஸ்டேஷனில் சிக்னல்காரர் விசாரித்தபோது அண்ணன், "ஒரு விரல் தண்ணி தெரியுது, மேட்ட ஏறிட்டு ஏத்திக்கலாம்" என்று சொன்னானாம். சிக்னல்காரர் இதை அப்படியே விசாரணையில் சொன்னார். விசாரணைக்கு வந்தவர்கள் மேசைமேல் வரைபடத்தை விரித்தார்கள். வரைபடத்தின்படி கண்ணாடியின் அடி விளிம்பு, கூரைத் தகட்டுக்கு ஒரு விரல் மேலே இருக்கிறது. கண்ணாடியில் ஒரு விரல் தண்ணீர் தெரிந்திருந்தால் தகட்டின்மேல் இரண்டு விரல் நின்றிருக்கும், தகடு பழுத்தே இருக்காது. ஆகவே பையன் கண்ணாடியைப் பார்க்காமலே வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான். ஃபயர்மேனின் கவனக்குறைவு. கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினார்கள்.

மூடிய மறுநாள் அம்மா நான்கு வீடு தள்ளிப் போய், மாமாவின் மனைவியான அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள பண்ணதுக்கு என்ன மன்னிச்சிரு" என்றாள். அத்தை கையை இழுத்துக்கொண்டாள். நான் அம்மாவின் பின்னால்தான் நின்றேன். அவர்கள் இருவரும் அதுவரை ஒரே ஊசியை மாற்றி மாற்றித் தைத்தவர்கள். அதன்பிறகு அம்மா அந்த வீட்டைத் தாண்டி நடக்கவே இல்லை. கடைக்குப் போக வேண்டுமென்றாலும் எதிர்ப்பக்கம் போய் முழுத் தெருவையும் சுற்றிக்கொண்டு வருவாள். போன வருடம் கண்ணை மூடும்வரை சுற்றினாள்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஏன் அந்தக் கொட்டகையில் வேலை என்று கேட்கலாம். நான் வரைபடக்காரி. இரும்பை அளந்து காகிதத்தில் போடுவதுதான் முப்பது வருடப் பிழைப்பு. கழகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, போனேன். அந்த எஞ்சினின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று போனேனா, அது வெட்டுப்படுவதைப் பார்க்கப் போனேனா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது.

செயலாளருக்கு எஞ்சின் ஓட வேண்டும். "ஓடாத எஞ்சின் எஞ்சினே இல்லீங்க, பீரோ" என்பார். சக்கரங்களையும் அடிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு, சரிந்த பாய்லரை அளந்துவிட்டு உலைக்கு அனுப்பி, அதே அச்சில் புதியதாக ஒன்று செய்து ஏற்றுவது அவர் திட்டம்.

அதை எதிர்த்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தொடாதே சார்'. மியூசியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் முதலில் அவர் வாயில் வருவது அந்த வார்த்தைதான். அவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டிலும் அப்படி எழுதி ஒட்டியிருப்பதாகச் சொல்லிச் சிரிப்போம்.

"புதுசு வேணும்னா முழுசும் புதுசாவே பண்ணுங்க, யாரு வேணாங்கறா? இத விட்ருங்க" என்றார் கை தூக்கிய அன்றைக்கு. "இதோட தப்பும் சேந்துதான் இது. நமக்குத் தெரியாத எதையோ இது சுமந்துட்டு நிக்குது. வெட்டிட்டா அப்புறம் யாருகிட்டப் போய்க் கேப்பீங்க?"

"அதெல்லாம் விசாரணையிலேயே கேட்டு முடிச்சாச்சு சார். பொணத்துக்கு எத்தன நாள் பவுடர் போட்டுட்டு உக்காந்திருக்கறது?" என்றார் செயலாளர்.

சொன்னபிறகுதான் நான் அங்கே இருப்பது அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. அந்த இரும்பின்மேல் வந்தது. என் அண்ணனைத் தின்றுவிட்டு அவன் பெயரையும் தின்றுவிட்டுச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறதே என்று வந்தது. கை தூக்கினேன்.

வெட்டுவதற்கு முன்பு நான் அளக்க வேண்டும். பதினோரு நாள் அளந்தேன். பாய்லரைச் சுற்றி ஒன்பதரை நாள், சக்கரங்களுக்கு ஒரு நாள், டிரைவர் நிற்கும் அறைக்கு மிச்சமிருந்த அரை நாள். அதிலும் அரை மணி நேரம்தான் உள்ளே இருந்தேன். அண்ணன் நின்ற இடத்தில் அதற்குமேல் நிற்க முடியவில்லை. பாய்லரின் பின்தட்டின்மேல் சூடு தாங்குவதற்காக ஒரு மெல்லிய தகடு போர்த்தியிருப்பார்கள். அதைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். நான் கழற்றவில்லை, மேலாகவே அளந்தேன்.

கண்ணாடியின் அடிக்குழாய், தரைத்தட்டிலிருந்து ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். குறிப்பேட்டில் எழுதினேன். வரைபடத்தைப் பார்த்தால் ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு. நாற்பது குறைகிறது, இரண்டு விரற்கடை. விபத்தில் தரைத்தட்டு மேலே புடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பும் காகிதமும் ஒத்துப்போகவில்லை என்றால் காகிதத்தை எடுத்துக்கொள். இரும்பு தேயும், வளையும். காகிதம் வளையாது. எழுதிய எண்ணைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் 'அளவு தப்பு' என்று என் கையாலேயே எழுதி, வரைபடத்தின் எண்ணைப் போட்டுவிட்டு இறங்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

பாய்லரை வெட்டினார்கள். லாரி லாரியாகப் போனது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

புதுப் பாய்லர் வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அம்மா போய்விட்டாள். வந்த பாய்லர் அழகாகத்தான் இருந்தது, ஒரு கீறல் இல்லை. பழைய எஞ்சின் என்று சொல்லிக்கொள்ள நான்கு பழைய சாமான்களாவது கண்ணில் படவேண்டாமா என்று செயலாளர் அந்தப் போர்வைத் தகட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார். சாயத்தைச் சுரண்டி, கழுவி, புதுப் பின்தட்டின்மேல் பொருத்தச் சொன்னார். ஃபிட்டரும் நானும் தூக்கிப் பிடித்தோம். எல்லாத் துளைகளும் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தன. கண்ணாடியின் துளைகள் மட்டும் உட்காரவில்லை. இரண்டும் இரண்டு விரற்கடை கீழே இருந்தன.

"யாரோ குடிச்சிட்டு வெட்டியிருக்கான்" என்றார் ஃபிட்டர்.

நான் தகட்டைத் திருப்பினேன். சாயம் போன இடத்தில், அந்தத் துளைகளுக்கு நேர் மேலே, இரண்டு வட்டத் துண்டுகள் ஆணி அடித்து ஒட்டப்பட்டிருந்தன. பழைய துளைகளை அடைத்த ஒட்டு. வரைபடம் சொன்ன இடம் அதுதான். எப்போதோ ஒரு பழுதுபார்ப்பில் மேல் துளைகளை அடைத்துவிட்டு, கீழே புதிதாகத் துளை போட்டு, கண்ணாடியை இறக்கி மாட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் யாரும் அதைக் குறிக்கவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். பாய்லருக்கு அந்தப் பழமொழி செல்லாது. கண்ணாடி இரண்டு விரற்கடை கீழே இருந்தால் அதன் அடி விளிம்பு கூரைத் தகட்டுக்கு ஒரு விரல் கீழே போய்விடும். அதில் ஒரு விரல் தண்ணீர் தெரியும்போது உள்ளே அந்தத் தகட்டின்மேல் ஒரு சொட்டு இருக்காது. அண்ணன் பார்த்திருக்கிறான். பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு விரல் தண்ணீர் தெரிந்தது.

குறிப்பேட்டைத் தேடியெடுத்து, நானே அடித்துப்போட்ட எண்ணைப் பார்த்தேன்.

மறுநாள் பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் தகட்டையும் குறிப்பேட்டையும் கொண்டுபோனேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும்மா. ஆனா இது போர்வை. எங்க வேணா, எப்ப வேணா வெட்டியிருக்கலாம்னு சொல்லுவாங்க. பின்தட்டு இருக்கா? அதுல அடைச்ச துளை இருந்தா, பாத்த நிமிஷமே எழுதித் தந்துருவேன்."

"உலைக்குப் போயிடுச்சு சார்."

"அளவெடுத்த குறிப்பு?"

குறிப்பேட்டின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் அந்த எண்ணை, அதன் குறுக்கே போன கோட்டை, பக்கத்தில் இருந்த இரண்டு வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்தும்மா?" என்றார்.

குறிப்பேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். விசாரணைக் கோப்பைத் திறக்க அது போதாது.

செயலாளர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். புதுத் தகடு ஒன்று வெட்டிப் பொருத்தச் சொல்லிவிட்டு, "கண்ணாடி இப்ப சரியான எடத்துல இருக்கும்மா, இனிமே யாருக்கும் அப்படி ஆகாது" என்று ஆறுதல் சொன்னார். தொடாதே சார் வந்து பழைய தகட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்வார், பதிலுக்குச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லாமலே போய்விட்டார். அந்தத் தகட்டை மட்டும் அவர் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். முப்பது வருடத்துக்கும் மேலாக நான் ஏறாத படி. கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மேசைமேல் குறிப்பேட்டை விரித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், தகடு, கண்ணாடி, ஒரு விரல், இரண்டு விரல். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இத அடிச்சிருக்கே. யாரு அடிச்சது?"

"நான்தான் அத்தை."

"ஏன்?"

"வரைபடம் தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

"அன்னைக்கு அவங்களும் அதத்தான சொன்னாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "எப்ப அளந்த?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"அப்ப உங்கம்மா இருந்தா."

"இருந்தாங்க அத்தை."

அத்தை தன் வலது கையை மடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பிடித்த கை அது. பிறகு எழுந்து செருப்பைத் தேடினாள்.

"வா, உங்க வீட்டுக்குப் போலாம்."

"அங்க யாரும் இல்ல அத்தை. பூட்டித்தான் கெடக்கு."

"தெரியும்" என்று படியிறங்கினாள்.

நான்கு வீடுதான். அவளுக்கு முட்டிவலி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் தோளை விட்டுவிட்டு, வலது கையால் கதவை இரண்டு முறை தட்டினாள். பூட்டு ஆடியது. உள்ளேயிருந்து யாரோ வந்து திறப்பதற்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தட்டினாள். சாவி என் பையில்தான் இருந்தது. எடுக்கத்தான் கை வரவில்லை.