மன்னிப்புக் காட்சி

அம்மாவின் கூந்தலில் மகள் சிக்கெடுத்துக்கொண்டிருக்கையில், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு நீளக் கார் வந்து நின்றது.

“இது நம்ம தெருவுல திரும்பி வெளிய போறதுக்குள்ள ஒரு ஷோ முடிஞ்சுடும்டா,” என்றார் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர், அப்பாவின் தோளைப் பற்றி.

அப்பா சிரிக்கவில்லை. தெலுங்குப் படங்களே ஓடும் அந்தத் தியேட்டரில் அவர் ஆபரேட்டர். பெரிய வீட்டுப் பெண் தம்மை நம்பி வந்த நாள்முதல், அவளைக் கீழே இறக்கிவிட்டோமோ என்ற முள் அவர் நெஞ்சைவிட்டு நீங்கியதில்லை.

அம்மாவுக்கு அப்படி ஒரு முள்ளும் இருந்ததில்லை. தடித்த ஆங்கில நாவல்களையும் தெலுங்குப் படங்களையும் ஒரே பசியோடு உண்டவள் அவள். ஆனால் முடிவை மட்டும் தொடமாட்டாள். நாவலில் கடைசி அத்தியாயம் பிரிக்கப்படாமலே கிடக்கும். திரையில் பணக்காரத் தகப்பன் கண்கலங்கி, ஏழையை மணந்த மகளை மன்னிக்க வருவான். பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்து நடந்துவிடுவாள். ஒளிக்கற்றையைக் கடக்கும் அவள் நிழல் ஒரு கணம் அந்தத் தகப்பன் முகத்தின்மேல் விழுந்து மறையும். மெஷின் ரூம் துவாரத்தின் வழியே அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

“புக்குல கடைசியில ஏழைப் பொண்ணுக்கு எங்கேருந்தாவது சொத்து வந்துடும். படத்துல அப்பன் மன்னிச்சுடுவான். ஏழை ஏழையாவே ஜெயிச்சுடக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் பயம்டி,” என்பாள் மகளிடம்.

காரிலிருந்து இறங்கிய தாய்மாமன் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். பாடைமேல் விரித்த பாயில் கிடந்த தங்கையைப் பார்த்தார்; பிறகு பூச்சு உதிர்ந்த சுவரைப் பார்த்தார்.

“மாப்ளே,” என்றார். அந்த வீட்டார் வாயில் அச்சொல் பிறந்தது இதுவே முதல்முறை. “அப்பா மன்னிச்சுட்டார். பெரிய வீட்டுக்கே கொண்டு போயிடலாம். எங்க வீட்டுப் பொண்ணாவே அடக்கம் பண்ணிடறோம்.”

அப்பாவின் தலை கவிழ்ந்தது. “போகட்டுமேம்மா,” என்றார் மகளிடம், மெல்ல. “என்னாலதான் ஒண்ணும் குடுக்க முடியல. கடைசியா அங்கயாவது...”

சீப்பு நின்றது. மகள் கொண்டையை முடித்து, ஊசியை அழுத்திச் செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

“மன்னிக்கறதுக்கு அம்மா என்ன தப்பு பண்ணினாங்க மாமா?”

“அதுக்கில்லம்மா... பெரியவர் மனசு இறங்கி வந்திருக்கார்...”

“அவர் எங்க வந்தார்? கார்தானே வந்திருக்கு. இது அவங்க வாழ்ந்த வீடு. இங்கேருந்துதான் போவாங்க.” அப்பாவின் பக்கம் குனிந்தாள். “அப்பா, எழுந்திருங்க. அந்த சீன் வந்துடுச்சு.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு தோள்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“தலைமாட்டை நான் பிடிக்கறேன். தூக்குங்கடா.”

“கொஞ்சம் இருங்க, நான் சொல்லி முடிச்சுடறேன்...” மாமன் கையை உயர்த்தினார்.

எவரும் நிற்கவில்லை. வெளியே மாலை வெயில் சாய்ந்திருந்தது. தோள்களின்மேல் அம்மா படியிறங்கிக் கடந்தபோது, அவள் நிழல் ஒரு கணம் மாமன் முகத்தின்மேல் விழுந்து, விலகியது.