ஐறீன் எழுதாத கடிதங்கள்

"டடி கடைசியாச் சப்பாத்துக் கேட்டதை ஏன் மம்மி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

மெல்பேணிலிருந்து மகள் ஜசிந்தா தொலைபேசியில் அழுதாள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீட்டில் ஐறீன் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். சாகும் நாளன்று கணவர் ஹியூபேட், மகளைக் கூட்டிவர எயார்போட்டுக்குப் போகவேண்டும், காலுக்குப் போடச் சப்பாத்தை எடு என்று கேட்டது உண்மை. செத்தவீட்டுக்கு வர முடியாமல் போன மகள் நொந்துபோவாளென்று ஐறீன் அதை மறைத்திருந்தாள். ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்.

"மம்மி, உங்கட மெயிலை நாலு தரம் வாசிச்சன். இப்பதான் நீங்கள் என்னோட கதைக்கிற மாதிரி இருக்கு."

ரிசீவரை வைத்துவிட்டு ஐறீன் கணினியின் முன் உட்கார்ந்தாள். மருமகன் வாங்கித் தந்தது. இன்ரநெற் நாள் முழுக்க ஓடும். மெயில் பெட்டியை அவள் மூடுவதேயில்லை. பாஸ்வேர்ட் போடச் சொன்னபோது, தனியே இருப்பவளுக்கு எதற்கென்று சிரித்திருந்தாள். அனுப்பியவற்றின் பட்டியலில் அவள் பெயரில், அவள் எழுதாத பதினொரு கடிதங்கள் இருந்தன. பதில் எழுதாமல் அவள் தள்ளிப்போட்ட மகளின் கேள்விகளுக்கெல்லாம் பதில்கள்.

மருமகன் எழுதிவைத்த தாளைப் பார்த்துப் பாஸ்வேர்ட் போட்டாள்.

மாலையில் கீழ்வீட்டுப் புளோறன்ஸ் வந்தாள். நோர்வேயிலிருக்கும் தம்பியின் மெயில் பார்க்கத் தினமும் வருபவள். தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி வந்த பிறகு அந்த வீட்டுப் படியேறுபவள் அவள் ஒருத்திதான். ஐறீன் தேநீர் போடக் குசினிக்குள் போனால், அவள் கணினியோடு தனியே இருப்பாள்.

"இது பாஸ்வேர்ட் கேக்குது."

"ஓம். நான்தான் போட்டனான்."

புளோறன்ஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தப் பிள்ளை கேட்டுக் கேட்டு எழுதுது. நீ வாசிச்சுப்போட்டு எழும்பிப் போறாய். எனக்குப் பொறுக்கேல்லை."

"அது என்ர பிள்ளை, புளோறன்ஸ்."

"அப்ப நீயே எழுதன்."

படியிறங்கிப் போனவள் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வியாழக்கிழமை ஐறீன் தானே எழுதினாள். பூசைக்குப் போனது, பிரஷர் குளிசை விழுங்குவது, மழை. ஆறு வரிக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. முந்திய கடிதங்கள் தன்னுடையவை அல்ல என்ற வரியை மூன்று முறை எழுதி அழித்தாள். அதை அனுப்பினால், அந்தப் பதினொரு கடிதங்களால் கிடைத்த மகள் போய்விடுவாள் என்று தோன்றியது. ஆறு வரியை மட்டும் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜசிந்தாவின் குரலில் பதற்றம் தெரிந்தது.

"மம்மி, ஒரு மெயில் வந்தது. அது நீங்கள் எழுதின மாதிரியே இல்லை. ஆரோ உங்கட கொம்பியூட்டருக்குள்ள பூந்திட்டினம் போல. முதல்ல ஒரு பாஸ்வேர்ட் போடுங்கோ."

"போட்டிட்டன்," என்றாள் ஐறீன்.